ஆறு குடிக்கு ஆறு ஹோர்ன்

சவுண்ட் செட் வாடகைக்கு விடும் தம்பிமார் யாராவது என் வீட்டுக்கு வந்தால், தேநீர் ஆறுவதற்குள் அந்தக் கேள்வி வந்துவிடும். “மாமா, இந்தக் கூட்டத்துக்கு எத்தன வொட் போடலாம்?” நான் பதிலுக்கு, “ஆருக்குக் கேக்கணும்?” என்பேன். கிழவனுக்குக் காது மந்தம், கேள்வி விளங்கவில்லை என்று நினைத்து இன்னொரு முறை உரத்துக் கேட்பார்கள். விளங்கித்தான் அப்படிக் கேட்கிறேன். அதைக் கேட்கத் தெரியாத வயதில், ஒரு மனிதர் தன் பள்ளிவாசலை இழப்பதற்கு நான் காரணமாக இருந்திருப்பேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. கல்முனையில் அப்போது ஒலிபெருக்கி வைத்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவரின் கடைப் பலகையில் ‘20 வொட்’ என்று எழுதியிருந்தது. மற்றவன் நான். கொழும்பிலிருந்து முப்பது வொட் அம்ப்ளிஃபயர் ஒன்றை எடுப்பித்து, ‘30’ என்ற இலக்கத்தை அவருடையதைவிட ஒரு சாண் பெரிதாக எழுதுவித்தேன். வயது இருபத்து நான்கு. ஒரு பத்திரிகைக்கு ஊர்ச் செய்தியும் அனுப்பி வந்ததால் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்னக் கொப்பி இருக்கும். கண்டதையும் கேட்டதையும் நேரம் போட்டுக் குறித்துவைக்கும் பழக்கம் அதனால் வந்தது.

வால்வ் அம்ப்ளிஃபயர் சுவிட்சைப் போட்டதும் கதைக்காது. கண்ணாடிக் குழாய்களுக்குள் கம்பி சிவந்து, மஞ்சளாகி, மேலே படிந்த தூசி கருகும் மணம் வரும். அந்த அரை நிமிடம் கூட்டம் முழுவதும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். இப்போதைய பெட்டிகள் தொட்டதும் கதைக்கின்றன. நல்லதுதான். ஆனாலும் அந்த அரை நிமிடம் இல்லாதது எனக்கு இன்னும் ஒரு குறையாகவே படுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பகுதிப் பள்ளிவாசலில் மார்க்கம் கற்ற ஓர் ஆலிம் இருந்தார். எல்லோரும் ஆலிம்சா என்போம். வெளியூர்க்காரர், இங்கே கலியாணம் செய்து, கரையோர வழக்கப்படி பெண் வீட்டிலேயே தங்கியவர். பதினொரு வருடமாக அந்தப் பள்ளியில் பயான் என்னும் மார்க்கப் பேச்சைச் சொன்னார். பயானுக்குள் மெல்ல ஒரு பகிடியை வைப்பார். அதைச் சொல்லிவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல் அடுத்த வசனத்துக்குப் போய்விடுவார். பகிடி விளங்குகிறவர்களுக்கு விளங்கும்.

பெண்கள் பள்ளிக்குப் பக்கத்து வளவில், வெள்ளைச் சீலைத் திரைக்கு அப்பால் இருப்பார்கள். அவர்களின் கேள்விகள் வெத்திலை வட்டாத் தட்டில் வரும். வெற்றிலைக்கு அடியில், அரபு எழுத்தில் தமிழை எழுதிய துண்டுக் கடதாசிகள். ஆலிம்சா பயானில் பதில் சொல்வார். ஆனால் அந்தப் பதில் திரைக்கு அப்பால் முன்வரிசைக்கு மட்டும்தான் போய்ச்சேரும். முன்வரிசை கேட்டு, திரும்பி, பின்வரிசைக்குச் சொல்லும். அதனால் பகிடி வந்தால் ஆண்கள் சிரித்து ஓய்ந்த பிறகுதான் பெண்கள் பக்கத்தில் சிரிப்பு எழும். என் கொப்பியில் அதையும் குறித்திருக்கிறேன். ‘பெண்கள் பக்கம் சிரிப்பு: பிந்தி.’

அந்த வருடம் ஆலிம்சாவுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. பிழைத்து எழும்பினார். ஆனால் குரல் பாதிதான் எழும்பியது. இரண்டாம் வரிசைக்கு மேல் ஆண்களுக்கே கேட்கவில்லை.

எங்கள் ஊர்ப் பள்ளிகளை மரைக்கார்மார் நடத்துவார்கள். தாய் வழியில் வரும் குடிகள் ஆறு, குடிக்கு ஒரு மரைக்கார். ஆறு பேரும் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். நபி பிறந்த மௌலிது மாதத்துப் பன்னிரண்டு நாளும் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஆலிம்சா பயான் சொல்லட்டும். சனத்துக்குக் கேட்டால் இருக்கட்டும். கேட்காவிட்டால் வேறு ஆலிமைக் கொண்டுவருவோம். அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

“எத்தன ஹோர்ன் இரிக்கி?” என்று ஆறு பேரில் மூத்தவரான பெரிய மரைக்கார் கேட்டார். அவரை நான் அண்ணன் முறையில் காக்கா என்பேன்.

“மூணு.”

“குடி ஆறெல்லோ?”

“காக்கா, ரெண்டே போதும். ஹோர்ன் எண்டா கொஞ்சக் கரண்டுக்கே...”

இஸ்மாயில் மரைக்கார் குறுக்கிட்டார். அவர் குடி பள்ளியின் கிழக்குப் பக்கத்தில் இருந்தது. “அப்ப அந்த ரெண்டும் ஆர்ர குடியப் பாத்துக் கதைக்கும்?”

கொடியேற்றத்தில் எந்தக் குடி முதலில் கயிற்றைத் தொடுவது என்று அரை நாள் வாதாடுகிறவர்கள். புனல் மாதிரியான ஹோர்னின் வாய் எந்தத் தெருவை, எந்த ஒழுங்கையைப் பார்க்கிறது என்பதும் அவர்களுக்கு மரியாதைப் பிரச்சினைதான். நான் தலையாட்டினேன். அக்கரைப்பற்றில் றேடியோ திருத்தும் ஒருவரிடம் மூன்று ஹோர்னை இரவல் எடுத்து ஆறாக்கினேன். ஆறும் ஆறு திசை பார்த்தன. ஒன்று பெண்கள் வளவுக்கு மேலே, ஒன்று முன்முற்றத்தில் ஆண்களுக்கு மேலே, இந்த இரண்டும் பள்ளியை ஒட்டியிருந்த இரு குடிகளின் கணக்கில். மற்ற நாலும் மீதி நாலு குடிகளின் ஒழுங்கைகளைப் பார்த்து. யாருக்குக் கேட்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எத்தனை என்பதற்கு மட்டும் பதில் கொடுத்தேன். என் பிழை அங்கேதான் தொடங்கியது.

முதல் நாள். பெரும்போக விதைப்புக் காலம். வயலிலிருந்து நேரே வந்தவர்கள் ஹவுள் தண்ணீர்த் தொட்டியில் கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். முப்பது வொட்டுக்குக் கார் பற்றரி போதாது என்பதால் பள்ளிச் சுவருக்கு வெளியே பெற்றோல் எஞ்சின் இரைந்தது. வால்வ் சூடானதும் ஆறு ஹோர்ன்களும் ஒன்றாகச் சீறத் தொடங்கின. ஆலிம்சா இன்னும் வாய் திறக்கவில்லை.

அந்தச் சீறலை நான் முன்பு கேட்டதில்லை. கலியாண வீட்டில் இசைத்தட்டுப் போடும்போது அது பாட்டுக்குள் மறைந்துவிடும். இங்கே பேசுகிறவர் காய்ச்சலால் குரல் சுருங்கியவர். சத்தத் திருகைக் குறைத்தேன். சீறல் குறையவில்லை, ஏனென்றால் அது திருகுக்குப் பின்னால், கடைசி வால்வுகளில் பிறந்தது. குரல் மட்டும் குறைந்தது. திருகை ஒரு நெல்மணி அளவு கூட்டினேன். ஆறு ஹோர்ன்களும் மைக்குக்குள் திரும்பி நுழைந்து ஊளையிட்டன. கேட்காத இடத்துக்கும் ஊளையிடும் இடத்துக்கும் நடுவில் திருகில் நிற்க இடமே இல்லை.

திரைக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது. பெரிய மரைக்காரின் பெண்சாதி ராவியத்தும்மா. மருதமுனையில் தறிச் சத்தத்துக்குள் பிறந்து வளர்ந்தவர்.

“என்னகா இது? பத்துத் தறி ஒண்டா ஓடுற மாதிரிக் கிடக்கு. அதுக்குள்ள ஆலிம்சாட குரல் அறுந்த நூலு. எங்க போய்த் தேடுற?”

ஆண்கள் சிரித்தார்கள், என்னைப் பார்த்து. ஆலிம்சா அன்று ஒரு பகிடி சொன்னார். எந்தப் பக்கமும் சிரிப்பு எழவில்லை. கொப்பியில், ‘பெண்கள் பக்கம் சிரிப்பு: இல்லை.’

கலையும்போது இஸ்மாயில் மரைக்கார் என் காதுபடச் சொன்னார்: “மெசின் வெச்சும் கேக்கல்ல. மறுகா என்ன?”

ஆலிம்சா என் பக்கத்தில் வந்து நின்றார். கோபம் இல்லை. “மனே, நான் கதைக்கிறத விட உங்கட மெசின் மூச்சு விடுறது பெரிசாக் கேக்குது. அதுக்கும் காய்ச்சலா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த இரவு நான் சாப்பிடவில்லை.

மறுநாள் விடிய, அன்றைக்கு ஒலிபெருக்கி வைக்க மாட்டேன் என்று பெரிய மரைக்காரிடம் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் அக்கரைப்பற்றுக்குப் போனேன். றேடியோ திருத்துகிறவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் கோபிக்கிற மனிதர். ஈயம் உருக்கும் கோலைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“தம்பி, நீ குடுத்த முப்பதுல அந்த ஹோர்ன் எவ்வளவு திண்டிருக்கும் எண்டு நினைக்காய்?”

“பத்து?”

“அரை கூட இராது. ஹோர்ன் எண்டுறது மெல்லக் கதைச்சாலே துள்ளி எழும்புற சாமான். உன்ட அம்ப்ளிஃபயர் இன்னும் நித்திரையால எழும்பவே இல்ல. நீங்க எல்லாரும் கேட்டது அதுட குறட்டை.”

பிறகு வேலையை விளக்கினார். கடதாசிக் கூம்பு ஸ்பீக்கருக்குப் பத்து வொட் கொடுத்து எடுக்கும் சத்தத்தை ஹோர்ன் ஒரு வொட்டிலேயே தந்துவிடும். அதேபோல அம்ப்ளிஃபயரின் இரைச்சலையும் பத்து மடங்கு காட்டிக்கொடுக்கும். கூர்மையான காது இருப்பவருக்கு முன்னால் இருமக்கூடாது, அவ்வளவுதான். ஹோர்னுக்கு வேண்டியது அமைதியான சின்ன அம்ப்ளிஃபயர். முப்பதாவது வொட் எப்படியிருக்கிறது என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. முதல் வொட் சுத்தமாக இருக்கிறதா என்று பார்.

அவர் மேசைக்கு அடியில் ஒரு பெட்டி கிடந்தது. அவரே செய்தது, ஆறு வொட், கார் பற்றரியில் ஓடக்கூடியது. வெளியே போகும் வயருக்கு இரண்டு ஹோர்ன் என்று கணக்குப் பார்த்து ட்ரான்ஸ்போமர் சுற்றியிருந்தார். “ரெண்டுதான். மூணாவத மாட்டினாய் எண்டா என்னட்ட வராத” என்று சொல்லித் தந்தார்.

மூன்றாம் நாள் காலை அதைக் கொண்டுவந்து வைத்தேன். எஞ்சின் இல்லை. முன்முற்றத்து ஹோர்னுக்கும் பெண்கள் வளவு ஹோர்னுக்கும் மட்டும் வயர் கொடுத்தேன். மற்ற நாலையும் இறக்கியிருக்க வேண்டும். மரைக்கார்மாரிடம் போய், உங்கள் குடிக்கு ஹோர்ன் இல்லை என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. நாலையும் அப்படியே தொங்கவிட்டு, வயர்களை மட்டும் கழற்றிச் சுருட்டி முற்றத்து மரத்துக்குப் பின்னால் செருகினேன்.

அன்று அஸருக்குப் பிறகு சுவிட்சைப் போட்டேன். வால்வ் சிவந்தது. ஒரு சத்தமும் இல்லை. கடல் இரைவது கேட்டது. பழுதாகிவிட்டதோ என்று மைக்கை விரலால் தட்டப்போனேன். அதற்குள் ஆலிம்சா ஸலாம் சொன்னார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. பகிடி வந்தபோது முற்றமும் வளவும் ஒரே நேரத்தில் சிரித்தன. ‘பெண்கள் பக்கம் சிரிப்பு: ஒன்றாக.’

அன்றிலிருந்து வெத்திலை வட்டாவில் கடதாசிகள் கூடின. பதில் கேட்கும் என்று தெரிந்தால் கேள்வியும் கூடும். மரைக்கார்மாரும் ஆளுக்கொரு நாள் என் தோளில் தட்டினார்கள். “எங்கட ஹோர்ன்தான் மத்ததுகள விட நல்லாக் கதைக்கிது” என்று பெரிய மரைக்கார் சொன்னார். அவருடைய ஹோர்னுக்கு வயரே இல்லை. நான் “ஓம் காக்கா” என்றேன். அப்படி நாலு பேருக்கு நாலு முறை ஓம் சொன்னேன். சிரிப்பாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

ஒன்பதாம் நாள் பிடிபட்டேன். அஸர் தொழுகை முடிந்து, பயானுக்கு முன் ஒருவர் மைக்கில் குர்ஆன் கிறாஅத் ஓதிக்கொண்டிருந்தார். இஸ்மாயில் மரைக்கார் தன் ஹோர்னுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபடியே இருந்தார். ஒரு குருவி வாயில் வைக்கோலோடு வந்து, ஹோர்னின் வாய்க்குள் போய், வெறும் வாயோடு திரும்பியது. மறுபடியும் வைக்கோலோடு வந்தது. ஓதி முடித்ததும் அவர் என்னை விரலால் கூப்பிட்டார்.

“கதைக்கிற ஹோர்னுக்குள்ள குருவி வீடு கட்டுமா?”

சனம் திரும்பிப் பார்த்தது. வயர் இன்று காலைதான் கழன்றது என்று ஒரு சொல் போதும், தப்பிவிடலாம். ஆனால் அதற்குப் பிறகு அந்த வயரை மாட்ட வேண்டும். மூன்றாவது ஹோர்ன் ஏறினால் சின்ன அம்ப்ளிஃபயர் தொய்ந்துவிடும், பெண்கள் வளவுக்குக் குரல் போகாது. என் மானத்தை மூட ஆலிம்சாவின் குரலைக் கொடுக்க வேண்டியிருக்கும். தம்பிமாரே, நெருக்கடியில் எது சரி என்று நான் ஆராயவில்லை. எதை இழந்தால் திரும்ப வராது என்று மட்டும் பார்த்தேன்.

“மரைக்கார், அதுக்கு வயர் இல்ல. மூணாம் நாளையில இரிந்து இல்ல.”

“அப்ப எங்கட குடிய மட்டும்...”

“மத்த மூணுக்கும் இல்ல.”

“பெரிய மரைக்கார்ர ஹோர்னுக்கு?”

“அதுக்கும் இல்ல.”

பெரிய மரைக்கார் மேலே பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். பிறகு தாடியை நீவினார்.

இஸ்மாயில் மரைக்காரின் முகம் சிவந்துவிட்டது. “சனத்துக்கு முன்னால எங்களப் பேயனாக்கிப் போட்டியே! இப்ப இந்த நிமிஷம் எங்கட ஹோர்னுக்கு வயர் குடு. இல்லாட்டி இந்த மெசினும் வேணாம். மெசின் இல்லாமக் கதைக்க ஏலாத ஆலிமும் வேணாம்.”

சொல் வெளியே வந்துவிட்டது. மற்ற மரைக்கார்மார் தரையைப் பார்த்தார்கள். ஒருவரும் மறுக்கவில்லை. நான் மரத்துக்குப் பின்னால் சுருட்டி வைத்த வயரைப் பார்த்தேன்.

திரைக்கு அப்பாலிருந்து ராவியத்தும்மா கதைத்தார். “வயரக் குடுங்க, குடுங்க. குடுத்தா முதல் நாள் மாதிரித் தறி ஓடும். பதினொரு வருஷமா நாங்க கேள்வி அனுப்புறம், பதில் கேட்டது இந்த ஆறு நாளாத்தான். அது உங்களுக்குக் கண்ணுக்குள்ள குத்துதாக்கும்.”

“நீ சும்மா கிட” என்று பெரிய மரைக்கார் சொன்னார். ஆனால் அதில் பலம் இல்லை.

அப்போதுதான் ஆலிம்சா மைக்குக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். இஸ்மாயில் மரைக்காரைப் பார்க்கவில்லை. ஹோர்னையும் பார்க்கவில்லை. வழக்கம்போல மெல்ல, ஒன்றும் தெரியாதவர்போல் சொன்னார்.

“மரைக்கார், ஆறு குடி இரிக்கி. உங்கட குடிக்கு மட்டும்தான் வீட்டோட மாப்பிள்ளை வந்து குடியேறியிரிக்கார். வைக்கோலும் அவரே கொண்டு வாறார். நம்மட வழக்கத்தில வந்த மாப்பிள்ளைய எழுப்பி அனுப்புறதில்லயே?”

சிரிப்பு திரைக்கு அப்பாலிருந்துதான் முதலில் எழுந்தது. முழு வளவும் சிரித்தது, பின்வரிசை உட்பட. ஆண்கள் பக்கம் இன்னும் அமைதி. எல்லோரும் இஸ்மாயில் மரைக்காரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சிரிக்கலாமா கூடாதா என்று. அவர் அண்ணாந்து ஹோர்னைப் பார்த்தார். குருவி ஹோர்னின் விளிம்பில் நின்று அவரைப் பார்த்தது. அவருடைய மீசை ஒரு பக்கமாக இழுபட்டது.

“சரி, இரிக்கட்டும்” என்றார். “சீதனம் மட்டும் கேக்க வேணாமெண்டு சொல்லுங்க.”

அதற்குப் பிறகுதான் ஆண்கள் சிரித்தார்கள். பெரிய மரைக்கார் எழும்பி, “நேரம் போகுது. ஆலிம்சா தொடங்கட்டும்” என்றார். வேறு ஆலிம் என்ற பேச்சு அன்றைக்கும் வரவில்லை, பன்னிரண்டாம் நாளும் வரவில்லை. ஆலிம்சா அந்தப் பள்ளியிலேயே இருந்து, அந்த மண்ணிலேயே மௌத்தானார்.

என் பலகையிலிருந்த ‘30’ஐ அந்த மாதமே அழித்தேன். வேறு இலக்கம் எழுதவில்லை. நாலு முறை பொய்க்கு ஓம் சொன்னதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. மூன்றாம் நாளே அந்த நாலு ஹோர்ன்களையும் இறக்கிவிட்டு, ஏன் என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் அவ்வளவு சனத்துக்கு முன்னால் தன் பிழைப்பைக் குருவியிடம் ஒப்படைக்க வேண்டி வந்திராது. நீங்கள் அதைச் சொல்லப் பழகுங்கள். உங்களிடம் வொட் எத்தனை என்று கேட்பவருக்கு வேறு ஏதோ தேவை இருக்கும். என்ன என்று கேட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்குங்கள்.

அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. கறையான் தின்றது போக மீதி. ஒன்பதாம் நாள் பக்கத்தில் நான் எழுதிய கடைசி வரி அப்படியே தெரிகிறது.

‘பெண்கள் பக்கம் சிரிப்பு: முந்தி.’